குமாரி சொன்ன படம்

மேல்கணக்குப் பிள்ளைகளுக்குப் பழைய படம்தான் படம். கீழ்கணக்குப் பிள்ளைகளுக்குப் புதுப் படம்தான் படம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் எலியும் பூனையும்.

இலங்கையில் கொடகவெலப் பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தின் இரண்டு பிரிவுகள்தான் மேல்கணக்கும் கீழ்கணக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டிவி இருந்தது. இரண்டும் பேட்டரியில் ஓடுபவை. மேல்கணக்கு டிவிக்காரரிடம் பழைய படக் கெசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கீழ்கணக்கு டிவிக்காரரோ புதுப் படம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவரவர் பார்த்ததுதானே அவரவருக்கு உசத்தி!

பள்ளிக்கூடம் பெரிய ரோட்டில் இருந்தது. மேலேயிருந்து வரும் பாதையும் கீழேயிருந்து வரும் பாதையும் ரப்பர் ஸ்டோருக்கு முன்னால் ஒன்று சேரும். அங்கிருந்து ஒன்றரை மைல் எல்லோரும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். அந்த நடைக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் மேல்கணக்கு படக்கதை சொல்லும். மாலையில் கீழ்கணக்கு சொல்லும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. கொட்டாவி மட்டும் விடலாம்.

மேல்கணக்குக்குக் கஜேந்திரன் கதை சொல்வான். பாட்டு வந்தால் நின்று முழுப்பாட்டையும் பாடிவிட்டுத்தான் நகர்வான். கீழ்கணக்குக்கு ஏஞ்சலின். அவள் சண்டைக் காட்சி சொன்னால் பக்கத்தில் நடப்பவர்கள் தலையைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். புத்தகப்பை சுழலும்.

இவர்களுக்குப் பத்தடி பின்னால் ஒரு பெண் தனியாக நடந்து வருவாள். அவள்தான் கிருஷ்ணகுமாரி. வீட்டில் குமாரி.

குமாரி மேல்கணக்கும் இல்லை, கீழ்கணக்கும் இல்லை. கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து தொண்ணூற்றாறாம் வருடம் தை மாதம்தான் வந்தாள். அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில் காவல் வேலை. ஸ்டோருக்குப் பின்னால் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருவரும் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடே இல்லை. அம்மா புஷ்பம் குவைத்துக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "வர்ற தீபாவளிக்கு வந்துருவேன்" என்று போன தீபாவளிக்கு எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு இரவு வேலை. குமாரி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் சத்தம் போடாமல் சோறு போட்டுச் சாப்பிட்டு, சத்தம் போடாமல் தட்டைக் கழுவி வைப்பாள். தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பிடிக்கிறதா என்று யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு வாரம் மழை ஊற்றியது. மேல்கணக்கு டிவிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழ்கணக்கில் பேட்டரி செத்துப் போனது. திங்கட்கிழமை காலையில் சொல்ல ஒருவரிடமும் படம் இல்லை. எல்லோரும் துக்க வீட்டுக்குப் போவதுபோல் நடந்தார்கள்.

"நான் ஒரு படம் பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். குமாரிக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் வாய்தான் பேசியிருந்தது!

"எங்க பாத்த?" என்றாள் ஏஞ்சலின்.

"கேகாலையில. எங்க மாமா வீட்டுல."

"படத்துப் பேரு என்னா?" என்றான் கஜேந்திரன்.

குமாரி எதிரே இருந்த மலையைப் பார்த்தாள். "மலைக்கு அந்தப் பக்கம்."

"கேள்விப்பட்டதே இல்லையே. கறுப்பு வெள்ளையா, கலரா?"

இதுதான் ஆபத்தான கேள்வி. கறுப்பு வெள்ளை என்றால் கீழ்கணக்கு காதைப் பொத்திக்கொள்ளும். கலர் என்றால் மேல்கணக்கு மூக்கைச் சுளிக்கும். குமாரி ஒரு விநாடி யோசித்தாள்.

"ராத்திரி நடக்கிறதெல்லாம் கறுப்பு வெள்ளை. பகல்ல நடக்கிறதெல்லாம் கலரு."

"அப்படின்னா அது எங்க படம்!" என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

குமாரி சொல்லத் தொடங்கினாள். செல்வி என்று ஒரு பெண். அவளுடைய அம்மா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மாளிகைக்கு வேலைக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை. செல்வி ஓர் ஆட்டுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு அம்மாவைத் தேடிப் புறப்படுகிறாள்.

"ஆடு எதுக்கு?" என்றான் கஜேந்திரன்.

"பேச்சுத் துணைக்கு."

"ஆடு பேசுமா?"

"பேசாது. ஆனா கேட்டுக்கிட்டு இருக்கும்."

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. செல்வி அப்போதுதான் ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள்.

"பின்னேரம் மிச்சத்தச் சொல்லணும். ஓடிடாத" என்றாள் ஏஞ்சலின்.

அன்று மாலை குமாரி பின்னால் நடக்கவில்லை. நட்டநடுவில் நடந்தாள். வலப்பக்கம் கஜேந்திரன், இடப்பக்கம் ஏஞ்சலின், பின்னால் ஒன்பது பிள்ளைகள். அவளுடைய குடைக்குள் மூன்று பேர் தலையை நுழைத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் நனைந்தார்கள்.

ஒன்றரை மாதம் படம் ஓடியது. டிவியைத் திருத்திய பிறகும் பேட்டரியை மாற்றிய பிறகும் யாரும் வேறு படம் கேட்கவில்லை. செல்வி ஒற்றைக்கண் திருடனிடம் மாட்டினாள், தப்பினாள். ஆடு பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைத் தின்றது. கஜேந்திரனுக்காகக் குமாரி பாட்டு வைத்தாள். ஏஞ்சலினுக்காகச் சண்டை வைத்தாள். ஒவ்வொரு நாளும் தூங்கப் போகுமுன் மறுநாள் செல்வி என்ன செய்வாள் என்று யோசித்து வைப்பாள். பொய் சொல்கிறோம் என்று மனம் குத்தத்தான் செய்தது. ஆனால் காலையில் ஸ்டோருக்கு முன்னால் பதினொரு பேர் நின்று "குமாரீ!" என்று கூப்பிடும்போது குத்தியது மறந்துபோய்விடும்.

அப்புறம் தீபாவளி வந்தது. அதோடு வம்பும் வந்தது.

தீபாவளிக்குக் கோவில் கமிட்டி ஒரு பெரிய டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூட மண்டபத்தில் பகலில் படம் போடும். எந்தப் படம் என்று ஒவ்வொரு வருடமும் இரண்டு கணக்கும் மல்லுக்கட்டும். இந்த வருடம் கமிட்டிக்காரர் ஐயாவு பிள்ளைகளைக் கேட்டார்.

"மலைக்கு அந்தப் பக்கம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஐயாவு காதைக் குடைந்துகொண்டார். "ரெண்டு கணக்கும் ஒரே படத்தக் கேக்குதா? நான் கண்ண மூடுறதுக்குள்ள இதயும் பாத்துட்டேன்! சனிக்கிழம மொத பஸ்ஸுல போயி டவுன்ல புவாட் நானா கெசட்டுக் கடையில எடுத்துட்டு வந்துர்றேன். மத்த தோட்டத்து ஆளுங்க வந்தா நல்ல கெசட்டு ஒண்ணும் மிஞ்சாது."

குமாரி மெதுவாகக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காச்சல் இல்லையே. என்னம்மா?"

"அப்பா, ஒருத்தங்ககிட்ட உண்மையச் சொன்னா அவங்க நம்மகூடப் பேசமாட்டாங்கன்னு வைங்க. சொல்லணுமா?"

அப்பா டோர்ச்சை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "எனக்குத் தெரியலயேம்மா. அம்மா இருந்தா சொல்லும்" என்றார். பிறகு வேலைக்குப் போனார்.

குமாரி யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். ஐயாவு மாமா கடையில் கேட்பார். இல்லை என்பார்கள். குமாரி சொன்னது பொய் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆனால் அவர் இல்லாத படத்தைத் தேடிக்கொண்டு நிற்பார். அதற்குள் மற்றத் தோட்டக்காரர்கள் நல்ல கெசட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வருடத்துக்கு ஒரு தீபாவளி. எல்லோரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து வெறும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை அவள் பெரிய ரோட்டுக்கு ஓடினாள். ஐயாவு பஸ்ஸுக்கு நின்றார். வழியனுப்பப் பாதிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

"ஐயாவு மாமா, அப்படி ஒரு படம் இல்ல."

"புவாட் நானா கடையில இல்லையா? அப்ப அடுத்த கடையில..."

"எங்கயுமே இல்ல, மாமா. நான் படமே பாக்கல. எல்லாம் நானே கட்டிச் சொன்னது."

ரோட்டில் ஒரு லொறி போயிற்று.

"ஒன்றர மாசமாவா?" என்றாள் ஏஞ்சலின். "ஆடுகூடப் பொய்யா?"

"ஆடும் பொய்தான்."

"நான் அந்தப் பாட்டக் கோவில்ல பாடிக் காட்டுனேன்" என்றான் கஜேந்திரன். அவன் முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் எந்தப் படம்னு கேட்டாங்க. நான் பெருமையாச் சொன்னேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "நகின்ன, நகின்ன!" என்று ஏறச்சொல்லிக் கத்தினார். ஐயாவு படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இப்ப நான் என்னத்த எடுத்தாறது?"

"பழசு!" என்று ஒரு பக்கம் கத்தியது. "புதுசு!" என்று மறுபக்கம் கத்தியது. பஸ் புறப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. சண்டை போட்டுக்கொண்டே எல்லோரும் நடந்துபோனார்கள். குமாரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பஸ் நிறுத்தத்திலேயே நெடுநேரம் நின்றாள்.

தீபாவளியன்று பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய படம் ஒன்றும் புதுப் படம் ஒன்றும் ஓடின. குமாரி போகவில்லை. அம்மாவும் வரவில்லை. கடிதம்தான் வந்தது. அடுத்த தீபாவளிக்கு வருவதாக எழுதியிருந்தார். அப்பா பலகாரம் வாங்கி வந்து, அன்றைக்கு மட்டும் பகலில் தூங்காமல் அவளோடு உட்கார்ந்திருந்தார். குமாரி கடிதத்தை மடித்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம். மற்றவர்கள் வருமுன் போய்விடலாம் என்று குமாரி வெள்ளென எழுந்து புறப்பட்டாள். கதவைத் திறந்தால் வாசலில் கஜேந்திரனும் ஏஞ்சலினும் நின்றார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க ஒண்ணும் ஒன்னோட பேச வரல" என்றாள் ஏஞ்சலின்.

"சரி" என்றாள் குமாரி.

"படம் பாத்தோம்" என்றான் கஜேந்திரன். "ரெண்டும் பாத்தோம்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. எங்களது ரொம்ப நல்லா இருந்துச்சு. அவங்களது அவ்வளவு மோசமில்ல."

"என்னா மோசமில்ல?" என்று பாய்ந்தாள் ஏஞ்சலின். பிறகு வந்த வேலை ஞாபகம் வந்தது. "ஏய், கேளேன்டா!"

"நீயே கேளு."

ஏஞ்சலின் பெருமூச்சு விட்டாள். "செல்வி மாளிகை வாசலுக்கு வந்துட்டா. அதோட நிப்பாட்டிட்ட. உள்ளுக்க போயி அம்மாவப் பாத்தாளா, இல்லையா?"

"அது பொய்க்கதைதானே?"

"பொய்தான். எங்களுக்குத் தெரியாதா? அதுக்காக முடிவு இல்லாம போகுமா? மூணு நாளா ஒழுங்காத் தூக்கமே வரல!"

குமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் தெரியாது."

"நீதானே சொன்ன கதை! ஒனக்குத் தெரியாட்டி யாருக்குத் தெரியும்?"

"எங்கம்மா இன்னும் வரலயே" என்றாள் குமாரி.

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை. அம்மா குவைத்தில் இருப்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் அவளிடம் பேசியதில்லை. ஏஞ்சலின் தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினாள். அது மிகவும் அழுக்காக இருந்தது. குமாரி அதை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

கஜேந்திரன் தொண்டையைச் செருமினான். "அப்ப படம் இன்னும் முடியல."

"முடியல" என்றாள் குமாரி.

"நல்லதாப் போச்சு. பாட்டு இல்லாம முடிக்கக் கூடாது. அம்மா மாளிகைக்குள்ளேருந்து பாடணும். செல்வி வெளியிலேருந்து பாடணும். பாட்டு முடிய கதவு தொறக்கணும்."

"பாடிக்கிட்டு நின்னா காவக்காரன் புடிச்சிருவான்!" என்றாள் ஏஞ்சலின். "ஒரு ஜீப்ப எடுத்துக்கிட்டு மதில இடிச்சிக்கிட்டு உள்ளுக்க போகணும்."

"செல்விக்குப் பத்து வயசு. ஜீப்ப யாரு ஓட்டுறது?"

ஏஞ்சலின் யோசித்தாள். "ஆடு."

குமாரி சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஆட்டுக்குக் கால் எட்டாது" என்றாள். "நான் சொல்றேன், கேளுங்க. கதவ ஒடச்சா அம்மா பயந்துரும். செல்வி மொதல்ல கதவத் தட்டுறா..."

அன்றைக்குப் பள்ளிக்கூட மணி அடித்தபோது மூன்று பேரும் பாதி வழியில்தான் இருந்தார்கள்.