507-ல் ஒரு மடிப்பு

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவன் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் படுத்திருந்தான். எடுக்கவில்லை.

செத்து மூன்று மணி நேரமாகியிருந்தது...

கீழே வரவேற்பு மேஜையில் முராசே ரிசீவரை வைத்தான். மணி பத்து ஐந்து. பத்துக்குக் காலி செய்ய வேண்டிய 507 இன்னும் காலியாகவில்லை. ஒசாகாவில் நம்பா ரயில் ஸ்டேஷனுக்குப் பின்சந்தில், அறுபத்திரண்டு தீப்பெட்டி அறைகள் கொண்ட ஹோட்டல் அது. அங்கே ஐந்து நிமிடத் தாமதமே பெரிய சம்பவம். துப்புரவு செய்யும் கினுயோவை மேலே அனுப்பினான்.

கினுயோவுக்கு வயது அறுபத்தொன்று. எல்லா அறையையும் திறக்கிற மாஸ்டர் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. தாழ்வாரத்துப் போனுக்கு வந்து கீழே பேசினாள்.

"முராசே தம்பி, 507-ல இருந்தவர் செத்துப்போயிட்டார். போலீசுக்குச் சொல்லிடுங்க. நான் அதுக்குள்ள 508-ஐ முடிச்சிடறேன்."

அப்படிப்பட்ட மனுஷி. முப்பது வருஷமாக ஊராரின் தலைமயிரைக் குளியல் தொட்டியிலிருந்து பொறுக்கியவள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்ஸ்பெக்டர் நிஷிவாகி வந்தார். செத்தவன் பெயர் கிதாபயாஷி. ஐம்பத்திரண்டு வயது. ஹிமேஜிக்காரன். குளியலறை ஓடு விற்கும் கம்பெனியில் வேலை. ஹோட்டல் கொடுத்த யுகாத்தா அங்கியின் இடுப்புக் கச்சையாலேயே கழுத்தை இறுக்கியிருந்தார்கள்.

நிஷிவாகியை உறுத்தியது பிணம் அல்ல...

அறையின் சுத்தம்.

துண்டு நாலாக மடிந்து கம்பியில் தொங்கியது. கண்ணாடித் தம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. கழிப்பறைக் காகிதச் சுருளின் நுனி அழகான முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. இந்த அறை துடைத்தாயிற்று என்று ஹோட்டல்காரர்கள் வைக்கிற அடையாளம்.

முராசேயை விசாரித்தார். கிதாபயாஷி மாதம் ஒரு வியாழன் வந்து ஒரே ஒரு ராத்திரி தங்குவானாம். யாரும் அவனைத் தேடி வந்ததில்லையாம். இன்று காலை ஆறு மணிக்கு வயிறு சரியில்லை என்று புதுச் சுருள் கேட்டிருக்கிறான். முராசேதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு மிசோ சூப் கலக்க அடுக்களைக்குள் போனவன், எட்டு மணிவரை வெளியே தலைகாட்டவில்லை.

ஆக, அந்த மடிப்பு ஆறு மணிக்குப் பிறகு விழுந்தது.

லிப்ட் பக்கத்துக் கேமராவைக் காட்டச் சொன்னார். முராசே காது சிவக்கத் தலையைக் குனிந்தான். அது பொம்மைக் கேமராவாம்.

நிஷிவாகி கினுயோவைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார்.

"ஏழு மணிக்கு எங்க இருந்தீங்கம்மா?"

"ஆறாவது மாடியில தாழ்வாரம் கூட்டிக்கிட்டிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"கூட்டுறவள யாரு சார் பாப்பாங்க?"

போன மாதம் தொட்டியில் ஒரு முடி கிடந்தது என்று கிதாபயாஷி புகார் எழுதியதும், அதற்காகக் கினுயோவை இரண்டு நாள் வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்ததும் நிஷிவாகியின் காதுக்கு வந்து சேர்ந்திருந்தன. அதையும் கேட்டார். ஆமாம் என்றாள்.

"மாஸ்டர் கார்டு உங்ககிட்ட இருக்கு. கோபமும் இருக்கு. போதாக்குறைக்கு அந்த முக்கோணம்..."

"அந்த மடிப்ப நாங்க நிறுத்தி நாலு வருஷமாச்சு சார். கழிப்பறை தேச்ச கையால காகிதத்தத் தொடக்கூடாதுன்னு நோட்டீசு ஒட்டியிருக்கு. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு மடிக்கவே தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே. கொலை பண்ற பதட்டத்துல கை பழைய பழக்கத்துக்குத் திரும்பும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்கும் பட்டது.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நிஷிவாகி. பிடித்துக்கொண்டு போனால் இருபத்துமூன்று நாள் வைத்து விசாரிக்கலாம். அத்தனை நாள் வராதவளுக்காக வேலை காத்திருக்காது. வேலை போனால் வாடகை அறையும் போகும். இந்த வயதில் யாரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அழுகை வரவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்தினதுபோல, குத்தியது தெரிந்தது, வலிக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் கிதாபயாஷியின் மனைவி நாகிசா ரயிலில் வந்து சேர்ந்தாள். பிணத்தை அடையாளம் காட்டப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுமுன் அவளிடம் சில கேள்விகள். அவள் முகத்திலும் ஒன்றுமில்லை. கணவர் மாதா மாதம் கிளைக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்வார் என்றாள். அவன் கம்பெனிக்கு ஒசாகாவில் கிளையே கிடையாது என்று நிஷிவாகி மெதுவாகச் சொன்னார். அப்படியா என்றாள். கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனாள். வந்தாள். உட்கார்ந்தாள்.

கினுயோ சும்மா இருக்கத் தெரியாதவள். கைது செய்யப்படப் போகிற நாளிலும் ஒருவர் போய்விட்டு வந்தால் ஒரு துடை துடைத்தாக வேண்டும். உள்ளே போனாள்.

இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தாள். நாகிசாவுக்கு எதிர் நாற்காலியில், கேட்காமலே உட்கார்ந்தாள்.

"எந்த ஹோட்டல்ல வேலை பாத்தீங்கம்மா?"

"கோபே ஊர்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒன்பது வருஷம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள காகிதத்த மடிச்சு வச்சிருக்கீங்க."

நாகிசா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடைய கையோ என்பதுபோல.

"மடிச்சேனா..."

"ம்."

"மேலயுமா?"

"மேலயும்தான்."

நிஷிவாகி டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் துருவ வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். நேற்றுக் கணவனைப் பின்தொடர்ந்து வந்து, எதிர்க் கடையில் ராத்திரி முழுக்க அவன் அறை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையில் வரவேற்பில் ஆளில்லாத நேரம் பார்த்து மேலே வந்து கதவைத் தட்டினாள். அவன் திறந்தான். கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் தேடினாள். ஒருத்தியும் இல்லை.

"அப்ப எதுக்கும்மா இங்க வந்தாராம்?" என்றார் நிஷிவாகி.

"நானும் அதத்தான் கேட்டேன். சும்மா இருக்கத்தான் வந்தேன்னு சொன்னார். வீட்டுக்குள்ள நுழைஞ்சா 'வந்துட்டேன்'னு நான் சொல்லணும், 'வாங்க'ன்னு நீ சொல்லுவ, அது ஒரு நாளாவது வேணாம்னார். உக்காந்து டீவி பாரு, பத்து மணிக்குப் போயிடலாம்னு சொல்லிட்டு மாத்திரையப் போட்டுக்கிட்டுச் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டார்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற ஒருத்தி இருந்திருந்தா தலைமுடியப் பிடிச்சுச் சண்டையாவது போட்டிருப்பேன் சார். யாருமே இல்ல. என்னைவிட அந்த வெறுஞ்சுவரு மேல்னு இருபத்துநாலு வருஷம் கழிச்சுச் சொல்றார்..."

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. கினுயோதான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிஷிவாகி எழுந்து கினுயோவுக்குத் தலை தாழ்த்தினார். தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். பரவாயில்லை சார் என்றாள்.

வாசலில் கார் வந்து நின்றது. படியில் நாகிசா தயங்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? என்னத் தனியா ஒரு அறையில போட்டுடாதீங்க. ஆளுங்க இருக்கிற அறையா பாத்துப் போடுங்க. ராத்திரி யாராவது குறட்டை விட்டாலும் பரவாயில்ல."

நிஷிவாகி கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"அந்தக் கவலையே வேணாம்மா. எங்க விடுதியில சிபாரிசு வேண்டியது தனி அறைக்குத்தான்... குறட்டை இலவசம்."