மூன்றாவது சூளைக்குச் சிவப்பு

மூன்றாவது வரி சிவப்பாக வந்தது. வரக்கூடாது.

அம்சவல்லி கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். சூளைக் கதவைத் திறக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலைக்கு அதை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். சோதனைக்காக இன்று மூன்று சூளைக்கும் முப்பது டிகிரி என்று அவளே எண் கொடுத்து, மூன்றுக்கும் பச்சையே வைத்திருந்தாள். மறுபடியும் மூன்றாவது சிவப்பு.

திரையில் வருவதை ஒரு ஃபைலில் சேமித்துப் பார்த்தாள். அங்கே நிறம் வெறும் எண்ணாகத் தெரியும். சிவப்புக்கு 31, பச்சைக்கு 32. மூன்று வரியிலும் 32 தான் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" மேனேஜர் பழமலைநாதன் வந்து நின்றார். "நாலு மணிக்கு விபத்த விசாரிக்க அதிகாரி வராரு. கலரு சரியா வருதுன்னு காட்டினா போதும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் இதே ஆள்தான், சிவப்பு வந்தால் வேலை நிற்கிறது, அறுபது டிகிரிக்கு மேல் சிவப்பு என்பதை ஐநூறாக்கு என்றார். முடியாது என்றாள். அவள் இல்லாத நாளில் அவரே மாற்றினார். பச்சையை நம்பி மூன்றாவது சூளையைத் திறந்த தொழிலாளி ஜெயராஜ் வெந்துபோய் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். மேனேஜரோ அவள் ஸ்கிரிப்டில்தான் பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க மாத்துனதுன்னு அதிகாரிகிட்ட சொல்லிடுவேன் சார்."

"அது இன்னா செவப்பு?"

"தெரியல. நான் பச்சைதான் குடுத்திருக்கேன்."

"வேணும்னே பண்ற. பத்து நாளா ஆறிக் கெடக்குது அது. தொறந்து காட்டறேன், பாரு."

போனார். சிமெண்டுத் தரையில் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரமாகி நின்றது. இரும்புத் தாழ் கிறீச்சிட்டது. ஈரக் களிமண் வாசனைக்குள் இன்னொரு வாசனை மெல்ல ஏறியது. முடி பொசுங்குகிற வாசனை.

அவள் எதையும் தொடவில்லை. திரையில் மூன்றாவது வரியின் முப்பது தொண்ணூறாயிற்று. அறுநூற்று நாற்பது. ஆயிரத்து இருநூறு.

பிறகு பச்சை. முப்பது.

"சார்."



சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. எழுந்து ஓடினாள்.

சூளை திறந்திருந்தது. செங்கல்லில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளையாக. தலைமுதல் கால்வரை வழவழவென்று மெருகு ஏறி, சுட்டெடுத்த பீங்கானாக. விரிசல் இல்லை. அசைவு இல்லை.

கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. அவை மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தன.