இரண்டு பக்கமும் கறுப்பு

"என்னங்க இது, ரெண்டு பக்கமும் கறுப்பா கிடக்கு? பாதி திரைக்குத்தான் காசு கொடுத்தீங்களா?"

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கணவர் சிரித்தார். அவளுக்குக் கண் மங்கல். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று புது மானிட்டரில் ரெசல்யூஷனைக் குறைத்திருந்தார். குறைத்த படம் சதுரவாக்கில் வந்தது, திரையோ அகலம். மிஞ்சிய இடம் இருபுறமும் கறுப்புப் பட்டையாக நின்றது.

"இழுத்து விட்டா நிறைஞ்சிடும். ஆனா வீடியோ கால்ல உன் தம்பி பூசணிக்காய் மாதிரி தெரிவான்."

"இப்ப மட்டும் என்ன, முருங்கைக்காயா?"

"அவனவன் அவனவன் அளவுல இருக்கட்டும்மா. இழுத்தா அது அவன் இல்ல."

கேபிள் வாங்கி வருவதாகக் கிளம்பினார். எப்போதும் போல இடது செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டே போனது. தெருமுனையில் ஒரு லாரி.

இருபது நாள் ஆயிற்று. அன்று மத்தியானம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தாள், மூடிய குழாயை இறுக்கினாள், கடைசியில் அவர் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள். கேமராவைச் சோதிக்க அவர் எடுத்த பதினோரு விநாடிப் படம் ஒன்று இருந்தது. வாசலிலிருந்து நடந்து வந்து கையசைப்பார். அவரென்று அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதையும் அந்தக் கறுப்பு இரண்டு பக்கமிருந்து நெருக்குவதுபோல் இருந்தது.

செட்டிங்கைத் திறந்தாள். 'விகிதம் மாறாமல்' என்பதில் இருந்த டிக்கை எடுத்து, 'முழுத்திரை'யில் வைத்தாள். மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. பதினைந்து விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆம் என்றாள்.

படம் ஓடியது. தோள் அகன்று, கன்னம் பரந்து, காதுவரை நீண்ட வாயோடு அவர் சிரித்தபடி வந்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

படம் முடிந்தது. செருப்புச் சத்தம் முடியவில்லை.

அது கூடத்தில் கேட்டது. இடது கால் தரையைத் தேய்க்கும் அதே சத்தம். ஆனால் வலது கால் விழுந்த இடம் வெகுதூரம் தள்ளி, எதிர்ச்சுவரை ஒட்டி. வெயிலில் காய்ந்த தூசி வாசனையும், அவர் சட்டையில் எப்போதும் இருக்கும் பற்றவைத்த ஈய வாசனையும் சேர்ந்து வந்தன. முதுகுக்குப் பின்னால் வாசல்கால் உரசியது. இரண்டு பக்கமும். ஒரே நேரத்தில்.

திரும்பவில்லை அவள். டிக்கை 'விகிதம் மாறாமல்' என்பதற்கு மாற்றினாள். திரை ஒருமுறை இருண்டு தெளிந்தது. இருபுறமும் கறுப்பு. நடுவில் கேள்வி.

வைத்துக்கொள்ளவா? பதினைந்து. பதினான்கு.

இடது பட்டையின் கறுப்பில் ஒரு தோள் தெரிந்தது. வலது பட்டையில் இன்னொரு தோள்.

ஒன்பது. எட்டு.

விரல் அசையவில்லை.

"நான்தான் சொன்னேனேம்மா."

இரண்டு காதிலும் ஒரே மூச்சு பட்டது.

மூன்று. இரண்டு.

ஒன்று.

கறுப்பு மறைந்தது. டிக் 'முழுத்திரை'யிலேயே இருந்தது.