பன்னிரண்டாவது காடி

காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

கறுப்பு பேண்ட். பழுப்புச் செருப்பு. அசைவே இல்லை.

தட்டில் தேநீர் கொண்டு வந்த ஷைமா அப்படியே நின்றாள். அந்தப் பழைய கார் விற்கும் கடையில் அவளுக்கு ஆபீஸ் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த மூன்று வாரத்தில் பிணம் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் ஏற்பட்டதில்லை.

"ஆஆஆ..."

அலறல் கேட்டுப் பக்கத்து அன்னாசித் தோட்டத்திலிருந்து இரண்டு கொக்குகள் எழும்பிப் பறந்தன.

கால்கள் அசைந்தன.

"நான் சாகலமா," என்றது காரின் அடிவயிறு. "எண்ணெய் ஒழுகுதான்னு பாக்குறேன்."

குணாளன் மெல்ல உருண்டு வெளியே வந்தார். மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. கையில் டார்ச் லைட்.

"டீ ஊத்திருச்சா? பரவால்ல, குடுங்க."

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு நாற்பது பொருளையாவது 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கினால்தான் மனிதருக்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. பழைய மெர்சிடிஸ் ஒன்று வாங்க வேண்டும்.

ஏழு மாதமாகத் தேடுகிறார். பதினோரு கார்கள் பார்த்தாயிற்று. பதினொன்றும் ரிஜெக்ட்.

ஒன்றில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். உள்ளே சேறு காய்ந்திருந்தது. வெள்ளத்தில் முங்கி எழுந்த கார். இன்னொன்றில் மீட்டர் கொஞ்ச தூரமே ஓடியதாகச் சொன்னது. பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடந்தது. சாஆ என்ற ஊரில் பார்த்த காரில் குறையே இல்லை. ஆனால் விற்றவர் தேவைக்கு மேல் சிரித்தார். அதுவும் ரிஜெக்ட்.

இது பன்னிரண்டாவது. பெக்கான் நானாஸில், அன்னாசித் தோட்டத்தை ஒட்டிய கடையில் நிற்கிறது. கறுப்பு நிறம். குனிந்தால் முகம் தெரியும் பளபளப்பு.

"முடிஞ்சிச்சா?" என்றாள் மனைவி ஷர்மினி. பாலர் பள்ளி ஆசிரியை. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்போ பத்து நிமிஷத்துல சரின்னு சொன்னீங்க."

"அப்ப அனுபவம் பத்தல."

ஷர்மினி நிமிர்ந்து பார்த்தாள். குணாளன் அவசரமாக முன்பக்கம் போனார்.

அங்கே கடை முதலாளி ஹேமநாதன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பாகு காய்ச்சி ஊற்றியது போல ஒரு குரல்.

"பாஸ், காடி இன்னைக்குக் காலையிலதான் உள்ள வந்துச்சு. இன்னும் விளம்பரம்கூட போடல. உங்க ஞாபகம் வந்துச்சு, உடனே கூப்ட்டேன்."

குணாளன் பானட் மேல் கை வைத்தார்.

"சூடா இருக்கே."

"ஓட்டிட்டு வந்தேன்ல பாஸ்."

"ஆறட்டும். ஆறின இஞ்சின ஸ்டார்ட் பண்ணிதான் சத்தம் கேக்கணும். சூடா இருந்தா எல்லாக் குறையும் அமுங்கிரும்."

"எவ்ளோ நேரம் ஆறணும்?"

"ரெண்டு மணி நேரம்."

ஹேமநாதனின் சிரிப்பு லேசாக ஆட்டம் கண்டது.

"கிரான் எங்க?" என்றார் குணாளன். காரின் பதிவுப் பத்திரம்.

"வீட்டுல இருக்கு. நாளைக்குக் காட்டுறேன் லா."

"அது இல்லாம சேசி நம்பர எதோட ஒத்துப் பாக்குறது?"

"என் மேல நம்பிக்கை இல்லையா பாஸ்?"

"இருக்கு. நம்பர் பிளேட் மேலதான் இல்ல. காடிக்கு வயசு எட்டு. பிளேட்டும் ஸ்குருவும் நேத்துப் பொறந்த மாதிரி மின்னுது."

"பழசு உடைஞ்சிருச்சு."

"முன்னாடியும் பின்னாடியுமா?"

ஹேமநாதன் தேநீரைக் குடித்தான்.

குணாளனுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. காரில் குறை இல்லை. சீட் பெல்ட் சுத்தம். கண்ணாடிகளில் எல்லாம் ஒரே ஆண்டு முத்திரை. டயர் நான்கும் ஒரே வயது. பின் பம்பரில் பிறைநிலா போல ஒரு கீறல், அவ்வளவுதான். விலையோ ஊர் விலையில் பாதி.

இவ்வளவு நல்ல காரை இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறான்?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து யோசித்தார்.

அப்போதுதான் அது கேட்டது.

'ட்ர்ர்... ட்ர்ர்...'

போன். ஆனால் அவருடையது இல்லை. சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது...

கையை விட்டுத் துழாவினார். சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலிருந்த சந்தில் விரல் பட்டது. உருவினார். நீல உறை போட்ட போன்.

"ஹலோ?"

"அப்பாடா..." என்றது ஓர் ஆண் குரல். "அது என் போனுங்க. எங்க கெடந்துச்சு? கடையிலயா?"

"காடியில. சீட்டுக்கு அடியில."

"காடியிலயா?"

"ஆமாங்க. கறுப்பு மெர்சிடிஸ். பெக்கான் நானாஸ்ல வெலைக்கு நிக்குது. நான் வாங்க வந்தவன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் இல்லை. வைத்துவிட்டார்கள்.

பத்து விநாடி ஆகியிருக்காது. வெளியே ஹேமநாதனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். இரண்டு வார்த்தை கேட்டான். பாகு வழியும் அந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஷைமா," என்றான், காரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கேட்ட மூடு."

ரிமோட் அவள் மேசையில் இருந்தது. இரும்புக் கேட் கிரீச்சிட்டபடி நகர்ந்து மூடிக்கொண்டது.

ஹேமநாதன் போனோடு கடைக்குப் பின்பக்கம் போனான். குணாளன் காரிலிருந்து இறங்கினார். ஷர்மினி எழுந்து அவரை நோக்கி வேகமாக வந்தாள்.

"இதப் பாருங்க."

அவள் போனில் ஜொகூர் பாரு வாசிகள் குழுவில் வந்த பதிவு. 'காலை ஏழு மணிக்கு ஸ்கூடாயில் வீட்டு வாசலில் நின்ற என் கார் களவு போனது. கண்டால் தகவல் தரவும். ஜீவன்.' கீழே படம். கறுப்பு மெர்சிடிஸ். வேறு நம்பர்.

பின் பம்பரில் பிறைநிலாக் கீறல்.

"அலமாக்..." என்றார் குணாளன். "இப்ப போன்ல பேசுனது அவராத்தான் இருக்கும். பாவம், அதிர்ச்சியில வச்சிட்டாரு."

"நான் டாய்லெட்டுக்குப் போயி போலிஸ கூப்டுறேன். அவங்க வர்ற வரைக்கும் அவனப் பேச்சுல பிடிச்சு வைங்க."

"நானா? என்னத்தப் பேசுறது?"

ஷர்மினி கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏழு மாசமா பதினோரு கடைக்காரன அழ வச்ச மனுசன். என்னத்தப் பேசுறதுன்னு என்கிட்ட கேக்குறீங்களா?"

அவள் போய்விட்டாள்.

ஹேமநாதன் திரும்பி வந்தான். கையில் டயர் கழற்றும் இரும்புச் சாவி.

"பாஸ். காடியில ஒரு போன் இருந்துச்சாமே. குடுங்க."

"குடுக்குறேன்."

"குடுத்துட்டு கெளம்புங்க. இந்தக் காடி விக்கல."

குணாளன் இரும்புச் சாவியைப் பார்த்தார். போனைப் பைக்குள் தள்ளினார்.

"விக்கலையா? நான் எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேனே. ரொக்கமா."

இரும்புச் சாவி பாதியில் நின்றது.

"ரொக்கமாவா?"

"ஆமா. ஒரே ஒரு சந்தேகம்தான்."

"கேளுங்க."

"ஏர்கோன்."

ஏர்கோனைப் போட்டார்கள். பின்சீட்டுக்கு வரும் காற்று முன்சீட்டுக் காற்றைவிடக் கொஞ்சம் சூடு என்றார் குணாளன். இல்லை என்றான் ஹேமநாதன். இருவரும் மாறி மாறிப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு கூரைக் கண்ணாடி. திறந்து, மூடி, திறந்து. அதன் ஓரத்தில் தண்ணீர் ஊற்றி, எந்த வழியாக வடிகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஷைமா ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"கியர்பாக்ஸ் எண்ணெய் எப்ப மாத்துனாங்க?"

"போன வருசம்."

"எந்த மாசம்?"

"ஜூன் லா."

"ஜூன்ல முன்னாடியா, பின்னாடியா?"

"பாஸ்..."

"இந்தக் காடிக்குச் சாமான் எங்க கெடைக்கும்? வாங்குறது பெரிசில்ல பாருங்க, வச்சுக் காப்பாத்தணும். சஸ்பென்ஷன் போச்சுன்னா யாரு செய்வா? கூலாய்ல ஆள் இருக்கா? ஒரு வருசத்துக்கு இன்ஷூரன்ஸ் எவ்ளோ வரும்? அத நீங்க போடுவீங்களா, நானா?"

ஹேமநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைத் தேய்த்தான். இரும்புச் சாவியை எப்போது கீழே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு உண்மையிலேயே காடி வேணுமா பாஸ்?"

"வேணும். ஸ்பேர் டயர் மட்டும் பாத்துரலாம்."

டிக்கியைத் திறந்து இருவரும் குனிந்திருந்தபோது, கேட்டுக்கு வெளியே நீல விளக்கு சுழன்றது.

ஹேமநாதன் நிமிர்ந்தான். "ஷைமா, தெறக்காத."

ஷைமா ரிமோட்டைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். அவன் காலருகே கிடந்த இரும்பைப் பார்த்தாள்.

"இந்த வேல எனக்கு ஒத்து வராது பாஸ்," என்றாள். பித்தானை அமுக்கினாள்.

கேட் திறந்தது.

ஹேமநாதன் அன்னாசித் தோட்டத்துக்குள் பாய்ந்தான். அன்னாசிச் செடிக்கு முள் உண்டு என்பது அவனுக்கு நான்காவது அடியில் நினைவு வந்தது. போலிஸ்காரர்கள் ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவனே நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

இன்ஸ்பெக்டர் காளிதாஸ் ஒல்லியான மனிதர். அவசரமே இல்லாத நடை. காரைச் சுற்றி வந்தார். முன்சீட்டுக் கம்பளத்தைத் தூக்கி சேசி நம்பரைப் போனில் படம் பிடித்தார்.

"ஸ்கூடாய்ல காணாமப் போன காடியேதான். பிளேட்ட மட்டும் மாத்தியிருக்கான். ஓனருக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்காரு. சந்தோசப்படுவாரு."

முக்கால் மணி நேரத்தில் ஜீவன் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத நீலச் சட்டை. காரைப் பார்த்தார்.

சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை.

"நல்லா பாருங்க. உங்களோடதுதான?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா... மாதிரிதான் இருக்கு."

குணாளன் நீல உறைப் போனை நீட்டினார். "இந்தாங்க உங்க போனு. அப்ப அதிர்ச்சியில வச்சிட்டீங்க. நாங்க புரிஞ்சுக்கிட்டோம்."

இன்ஸ்பெக்டரின் தலை மெல்லத் திரும்பியது.

"எப்ப பேசுனீங்க?"

"பதினொன்னே காலுக்கு சார். இந்தக் காடி இங்கதான் நிக்குதுன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"அப்படியா?" காளிதாஸ் ஜீவனைப் பார்த்தார். "நான் பன்னிரண்டு மணிக்கு உங்க வீட்டு போனுக்குக் கூப்ட்டுச் சொன்னப்போ, 'காடி கெடைச்சிருச்சா, எங்க சார்'னு கேட்டீங்களே."

"பதட்டத்துல... மறந்துட்டேன்."

"சரி. இருக்கட்டும்."

காளிதாஸ் ஹேமநாதனிடம் பிடுங்கிய போனை எடுத்தார். அவனுடைய கட்டை விரலை அதன் மேல் வைத்துத் திறந்தார். பதினொன்றே காலுக்கு அவனுக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. முகம் வெளுத்த அந்த அழைப்பு.

அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்தார்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

ஜீவனின் நீலச் சட்டைப் பையிலிருந்து மணி அடித்தது.

மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார்," என்றார் காளிதாஸ் அன்பாக. "நான்தான்."

ஜீவனின் முகத்தில் வியர்வை பொடித்தது. "அது... என் ஆபீஸ் போன்..."

கைவிலங்கோடு நின்ற ஹேமநாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, காடிய குடுக்கும்போது உன் சாமானெல்லாம் எடுத்துக்கன்னு. விக்கிற வேல என்னோடது, களவு போச்சுன்னு அழுது இன்ஷூரன்ஸ் வாங்குறது உன்னோடது. உன் வேலைய ஒழுங்கா பாத்தியா நீ?"

"களவு போச்சுன்னு சொன்ன அன்னைக்கே முட்டாள்தனமா விக்கச் சொன்னேனா நான்?"

இருவரும் நடுமுற்றத்தில் சண்டை பிடித்தார்கள். காளிதாஸ் தடுக்கவில்லை. பக்கத்திலிருந்த போலிஸ்காரரிடம் எழுதிக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

குணாளன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். களவு கொடுத்தவர் என்று நினைத்து, அந்த மனிதருக்காக அவர் மனசார இரக்கப்பட்டிருந்தார்.

"நீங்க அழகா சமாளிச்சீங்க," என்று ஷர்மினி அவர் தோளில் கை வைத்தாள். ஏழு மாதத்தில் முதல் முறை.

இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். குணாளன் எழுந்து, கறுப்புக் காரின் முதுகைக் கடைசியாக ஒருமுறை தடவினார். நல்ல கார். குறையே இல்லாத கார். பெருமூச்சு வந்தது.

காளிதாஸ் அதைக் கவனித்தார்.

"கவலப்படாதீங்க சார். கேஸ் முடிஞ்சா இது ஏலத்துக்கு வந்தாலும் வரும். சொல்லியனுப்பட்டா?"

குணாளனின் கண் பளிச்சிட்டது. ஷர்மினி நெற்றியில் கை வைத்தாள்.

"சார், இதுக்கு முன்னாடி எத்தன ஓனர்னு போட்டிருப்பாங்க?"

"ரெண்டு பேரு," என்று ஜீப்பின் பின்கதவைச் சாத்தினார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு பேரையும் ஜெயில்ல ஒரே எடத்துல விசாரிச்சுக்கலாம். வேணும்னா பார்வையாளர் நேரம் மட்டும் கேட்டுட்டு வாங்க."