லிஃப்ட் யானை நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆனதும் பட்டாணி சோபாவில் இரண்டு தலையணைகளைப் போடுவாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று அப்பாவுக்கு.

அப்பா அதில் வந்து உட்கார மாட்டார். அவர் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். "இப்ப எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்டால், "சுத்தியும் தண்ணிதான், பட்டாணி" என்பார். பிறந்தபோது அவள் அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அதனால் அவர் வைத்த பெயர் பட்டாணி.

அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது அவருடைய வேலை. நோய்க்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

ஆகவே நான்காவது மாடியில் இருந்த அந்த வீட்டில் பட்டாணியும் சுவர்க் கடிகாரமும்தான் இருப்பார்கள். கடிகாரம் நிறையப் பேசும். ஆனால் ஒரே பேச்சுதான்.

சரியாக நான்கு மணிக்கு போன் அடிக்கும். கப்பல் போனில் ஐந்து நிமிடம்தான் பேசலாம். அப்பாவுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

"பட்டாணி! போன வாரம் கடைசியில யானை என்ன சொல்லுச்சு? சொல்லு பார்ப்போம்!"

அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு யானைக் குரலில் சொல்வாள். "மேலே போறவங்கல்லாம் ஏறிக்கோங்க!"

"ஆ, கரெக்ட்! ரெடியா? மூணு... ரெண்டு... ஒண்ணு... அழுத்து!"

இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள். போன் வைக்கப்படும். இங்கே இவள் டிவியிலும், எங்கோ கடலில் கப்பல் சாப்பாட்டு அறை டிவியிலும் ஒரே படம் ஓடத் தொடங்கும்.

படத்தின் பெயர் 'லிஃப்ட் யானை'. ஒரு யானைக்கு லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைக்கும். பாவம், அது உள்ளே ஏறி நின்றால் வேறு யாருக்கும் இடம் இருக்காது. பிறகு அது ஒரு வழி கண்டுபிடிக்கும். உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தும்பிக்கையை மட்டும் உள்ளே விட்டு பட்டனை அழுத்தும். கதவு மூடும். தும்பிக்கை மாட்டிக்கொள்ளும். லீவில் வீட்டில் சேர்ந்து பார்த்தபோது, அந்த இடத்தில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பட்டாணியும் சிரிப்பாள். பக்கத்துத் தலையணை அப்போது காலியாகத் தெரியாது.

பட்டாணி பார்ப்பது இணையத்தில் படம் காட்டும் ஆப்பில். நடுக்கடலில் இணையம் ஒரு நூல் மாதிரி. அதன் வழியே ஒரு முழுப் படம் வந்து சேராது. அதனால் அப்பா ஒரு துறைமுகத்து நடைபாதைக் கடையில் அந்தப் படத்தின் பழைய டிவிடியை வாங்கி வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளியிலிருந்து வந்த பட்டாணி சும்மா ஆப்பைத் திறந்து யானையைத் தேடினாள். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது.

'இந்தப் படம் தற்போது கிடைக்காது.'

மூடித் திறந்தாள். டிவியையே அணைத்துப் போட்டாள். சாம்பல் பெட்டி அசையவில்லை.

அம்மா வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, யானையைக் காணோம்!"

அம்மா பார்த்தார். "எடுத்துட்டாங்கடா."

"நாமதான் மாசாமாசம் பணம் கட்டுறோமே?"

"அது படத்துக்கு இல்ல, பார்க்கிறதுக்கு. அந்தப் படம் அவங்களோடதும் இல்ல. படம் எடுத்தவங்ககிட்ட கொஞ்ச காலத்துக்கு வாங்கி வச்சிருப்பாங்க. காலம் முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடணும்."

பட்டாணிக்குப் புரிந்தது. படம் டிவிக்குள் இருக்கவில்லை. எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து, அவள் பார்க்கப் பார்க்கத் துளித்துளியாக வந்துகொண்டிருந்தது. அங்கே குழாயை மூடினால் இங்கே சொட்டு வராது.

"அப்பாகிட்ட சொல்லிடலாம். வேற படம் பார்க்கலாமே?" என்றார் அம்மா.

"அவர்கிட்ட இருக்கிற டிவிடிதானேம்மா கப்பல்ல ஓடும்? நான் பார்க்கலன்னா அவர் தனியா பார்க்கணும்."

தனியாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று படுத்துக்கொண்டு யோசித்தபோது, வேறெங்கோ அந்த யானையைப் பார்த்த ஞாபகம் வந்தது. தும்பிக்கையுடன் கூடவே ஒரு நெடியும் நினைவுக்கு வந்தது. மருந்து நெடி. பல் டாக்டர்!

அவர்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் பல் ஆஸ்பத்திரி இருந்தது. காத்திருக்கும் பிள்ளைகள் அழாமல் இருக்க அங்கே டிவிடியில் படம் போடுவார்கள். மறுநாள் மாலை பட்டாணி இறங்கிப் போனாள்.

மேசையருகே இருந்த அக்கா டோக்கன் கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா.

"என்ன பட்டாணி, பல்லு வலியா? இனிப்பு தின்னியா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா." அவள் ஈ என்று காட்டினாள். பிறகு நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

டோக்கன் அக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு டிவிடியை எடுத்தார். உறையில் யானை! "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. நாளைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன், எடுத்துட்டுப் போ. திங்கட்கிழமை வந்துடணும். இதைப் போடலன்னா சில பிள்ளைங்க வாயவே திறக்காது."

உறையைத் திறந்ததும் குப்பென்று ஸ்பிரிட் வாசனை அடித்தது.

"தினமும் ஸ்பிரிட் பஞ்சால தேய்ச்சுத் துடைச்சுடுவேன்" என்றார் அக்கா பெருமையாக. "ஊசி, இடுக்கி, டிவிடி, எல்லாத்துக்கும் ஒரே சட்டம்தான்."

டிவிடி கிடைத்துவிட்டது. அதை எதில் போடுவது? வீட்டில் பிளேயர் இல்லை. அலமாரியின் மேல் அம்மாவின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பக்கவாட்டில் டிவிடி வைக்கும் தட்டும் இருந்தது. ஆனால் சனிக்கிழமை பட்டனை எத்தனை முறை அழுத்தியும் தட்டு வெளியே வரவில்லை. உள்ளே 'ர்ர்ர்' என்று முனகல் மட்டும் கேட்டது.

பட்டாணி கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தட்டின் முகப்பில் ஒரு சின்னத் துளை. எறும்பு நுழையும் அளவு. வேலை இல்லாமல் யாராவது துளை போடுவார்களா?

வேலை இருக்கத்தான் செய்தது. மோட்டார் மக்கர் செய்யும்போது கையாலேயே தட்டைத் திறப்பதற்கான வழி அது. காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி நேராக உள்ளே விட்டாள். எதிலோ முட்டியது. கொஞ்சம் அழுத்தினாள். 'டக்!' தட்டு நாக்கை நீட்டியது. நாக்கின் மேல் ஒரு பழைய டிவிடி.

"அம்மா, 'ரத்தம் எடுப்பது எப்படி'ன்னு ஒண்ணு இருக்கு!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "அடப்பாவி! இது இங்கயா இருக்கு? இதைத் தொலைச்சதுக்கு டிரெயினிங் மேடம் என்னை என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா?"

யானையைப் போட்டார்கள். ஓடியது! ஆனால் கொஞ்ச நேரத்தில் திக்கத் தொடங்கியது. 'லி... லி... லிஃப்ட்' என்றது யானை.

பட்டாணி டிவிடியை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். வானவில் மினுமினுத்தது. அதன்மேல் வட்ட வட்டமாகக் கீறல்களும், காய்ந்த ஸ்பிரிட் கறையும்.

டிவிடிக்குள், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் ஒரே வரிசையாக இருக்கும். அந்த வரிசை, சுருட்டி வைத்த கயிறு மாதிரி நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்குப் போகும். ஒரு மெல்லிய ஒளிக்கதிர் அதைப் படித்துக்கொண்டே போகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகக் கீறல் விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எழுத்து அழிந்த மாதிரிதான். அதை ஊகித்துவிடலாம். ஆனால் வட்டமாகக் கீறல் விழுந்தால் முழுப் பத்தியே அழிந்த மாதிரி. எப்படி ஊகிப்பது? டோக்கன் அக்கா தினமும் தேய்த்தது அப்படித்தான், சாப்பிட்ட தட்டைக் கழுவுவது போல வட்ட வட்டமாக.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மா கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியைக் கொடுத்தார். பட்டாணி நடுவிலிருந்து ஓரத்துக்கு, சூரியக் கதிர் வரைவது போல நேராகத் துடைத்தாள். மறுபடி போட்டாள். கறையோடு திக்கலும் போயிற்று. யானை வேலைக்குச் சேர்ந்தது, லிஃப்டில் ஏறியது, இறங்கியது, தும்பிக்கையைத் தூக்கியது...

படம் நின்றது. யானை சதுரம் சதுரமாக உடைந்து நின்றது.

எத்தனை முறை துடைத்தாலும் அதே இடம். ஒரு கீறல் மட்டும் ஆழமாக விழுந்திருந்தது. 'அடுத்த பகுதி' பட்டனை அழுத்தினால் படம் தாவி, தீயணைப்பு வண்டி வரும் இடத்திலிருந்து ஒழுங்காக ஓடியது. தும்பிக்கை மாட்டிக்கொள்ளும் இடம்தான் இல்லை. எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, அப்பா சிரிக்கும் இடம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாணி கம்ப்யூட்டரை சோபாவுக்கு எதிரில் வைத்தாள். தலையணைகளைப் போட்டாள். அப்பாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். போன் அடித்தது.

"பட்டாணி! கடைசியில யானை என்ன சொல்லுச்சு?"

"மேலே போறவங்கல்லாம் ஏறிக்கோங்க." குரலில் யானையே இல்லை.

"என்ன, யானைக்கு ஜலதோஷமா? சரி, இன்னிக்கு தும்பிக்கை மாட்டுற இடத்துல நான் எவ்வளவு சத்தமா சிரிக்கிறேன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு!"

பட்டாணியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அப்பா, என்கிட்ட அந்த இடம் இல்லப்பா."

"இல்லையா?"

"ஆப்ல படத்தையே எடுத்துட்டாங்க. பல் டாக்டர்கிட்ட டிவிடி வாங்கினேன். அதுல கீறல். தும்பிக்கையைத் தூக்கினதும் நின்னுடுது."

போனில் இரைச்சல் கேட்டது. அலையா, எஞ்சினா தெரியவில்லை. அதற்கு நடுவே அப்பா மெதுவாகச் சொன்னார்.

"என்னோடதும் நிக்கும், பட்டாணி."

"எங்க?"

"கடைசியில. எல்லாரும் மாடிப்படி கிட்ட வந்து நிப்பாங்க. யானை குனிஞ்சு முதுகைக் காட்டி வாயைத் திறக்கும். அவ்வளவுதான், நின்னுடும்."

பட்டாணி ஒரு கணம் யோசித்தாள். "உங்க டிவிடில ஓரத்துல கீறலாப்பா?"

"அட, ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

"நடுவுலேருந்து ஓரத்துக்குத்தானே படிச்சுக்கிட்டு வரும்? ஓரத்துலதான் கடைசி இருக்கும்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "அப்போ நீங்க கடைசியைப் பார்த்ததே இல்லையா? வீட்டுல பார்த்தோமே?"

"வீட்டுல பார்த்தப்போ..." அப்பா தொண்டையைக் கனைத்தார். "லேசா கண்ணசந்துட்டேன்."

"குறட்டை விட்டீங்களா?"

"லேசாத்தான்."

அதனால்தான் வாராவாரம் அந்தக் கேள்வி! அவர் பரீட்சை வைக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். படம் முடிவதே அப்பாவுக்கு இவள் சொல்லித்தான்.

"ஏன்ப்பா சொல்லல?"

"நீ சொல்றப்போ படத்தை விட நல்லா இருக்கு. அதான்."

பின்னால் யாரோ, "மெக்கானிக், சீக்கிரம்யா!" என்று கத்தினார்.

"அப்பா, ஒண்ணு செய்யலாம்" என்றாள் பட்டாணி அவசரமாக. "தும்பிக்கை இடத்துல எனக்கும் சேர்த்து நீங்க சிரிச்சுடுங்க. கடைசியை உங்களுக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். நீங்க தூங்கக் கூடாது."

"மூணு... ரெண்டு... ஒண்ணு... அழுத்து!"

போன் அமைதியானது. யானை வேலைக்குச் சேர்ந்தது, ஏறியது, இறங்கியது, தும்பிக்கையைத் தூக்கியது. சதுரம் சதுரமாக நின்றது.

உடனே பட்டனை அழுத்தினால் அப்பாவை முந்திப் போய்விடுவாள். எனவே பட்டாணி எழுந்து, வலது கையைத் தும்பிக்கை போல நீட்டினாள். அலமாரிக் கதவை லிஃப்ட் ஆக்கினாள். வசனம் ஒன்றுவிடாமல் மனப்பாடம். "நாலாவது மாடியா? இதோ!" கதவு மூடியது. தும்பிக்கை மாட்டிக்கொண்டது. "ஆ! என் மூக்கு!"

வீட்டில் பார்க்க யாரும் இல்லை. கடிகாரம் மட்டும் தன் பேச்சையே பேசிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே நின்று காது கொடுத்தாள். கடல் தூரத்தில் இருந்தது. எதுவும் கேட்கவில்லை. ஆனால் இப்போது அங்கே ஒருவர் இரண்டு பேருக்கான சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு உதடு விரிந்தது.

தீயணைப்பு வண்டி வரும் நேரம் ஆனது. பட்டனை அழுத்தினாள்.

திங்கட்கிழமை டிவிடியைத் திருப்பிக் கொடுத்தபோது, எப்படித் துடைக்க வேண்டும் என்றும் டோக்கன் அக்காவுக்குச் செய்து காட்டினாள். "அடடா, இவ்வளவு நாளா நான்தான் யானையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேனா?" என்று அக்கா தலையில் கைவைத்தார். பிறகு, "சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கோ. ஒவ்வொரு வாரமும்" என்றார்.

அதெல்லாம் மறுநாள். ஞாயிறு மாலை, படம் முடியும் இடத்தில், எல்லோரும் மாடிப்படி அருகே வந்து நின்றார்கள். யானை வாயைத் திறந்தது. "மேலே போறவங்கல்லாம் ஏறிக்கோங்க!"

அது தனக்காக. பட்டாணி படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, பக்கத்துத் தலையணையில் நகர்ந்து உட்கார்ந்து, அப்பாவுக்காக இன்னொரு முறை கேட்டாள்.