நாலு மணிக்கு எழுப்பவும்

அறைக் கதவின் அடிப்பகுதியில், முழங்காலுக்கும் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பெயிண்ட் தேய்ந்து மரம் வெளுத்துத் தெரிந்தது. தாழ்வாரத்தில் இருந்த மற்றக் கதவுகளும் தேய்ந்துதான் இருந்தன. ஆனால் அங்கெல்லாம் தேய்ந்த இடம் நெஞ்சுயரத்தில் இருந்தது, ஓர் ஆள் நின்றுகொண்டு விரல் முட்டியால் தட்டுகிற இடம். விடிகாலை ரயிலுக்குப் போகிறவர்களை எழுப்பி எழுப்பியே தேய்ந்த கதவுகள். கடைசி அறையான இதில் மட்டும் இரண்டு இடங்களில் தேய்ந்திருந்தது.

பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவரிடம் அவள் அதைக் காட்டினாள்.

"ஏதாவது நாய் பிறாண்டியிருக்கும். உள்ள வா, கால் கெஞ்சுது" என்றார்.

நாய் பிறாண்டினால் கீறல் இருக்கும். இது, பலர் பிடித்து ஏறி இறங்கிய மாடிப்படிக் கைப்பிடி போல வழவழவென்று இருந்தது.

அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். மகள் போனில் சொல்லியிருந்தது வேறு இடம். நல்ல இடம், தோட்டம் எல்லாம் இருக்கும், ஆனால் ஸ்டேஷனுக்கு வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். அவருக்கும் அதில்தான் ஆசை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மதியம் மகளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் போய்ச் சேர்கிற ரயில் ஒன்றே ஒன்று, ஐந்தரைக்கு. "மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அப்பா மூஞ்சியப் பாத்துடணும்மா. அலாரம் வச்சு அவரை இழுத்துட்டு வந்துடு" என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது.

அவர் எதற்கும் நேரத்துக்குப் போனவரில்லை. சொந்தக் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். தூங்கினால் இழவு வீட்டிலும் எழுந்திருக்க மாட்டார். அதனால் வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் அவள் முன்னால் தள்ளி வைத்திருந்தாள். அது தெரிந்ததும் அவர் மனதுக்குள் கழித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கடைசியில் அந்த வீட்டில் சரியான நேரம் என்று ஒன்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவளுக்கு அவர் வைத்த பேரே 'அலாரம்'. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அலாரம் ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆகவே அவள் பார்த்தது ஒன்றைத்தான். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே எந்த விடுதி. எதிரே இது இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், மழை வழிந்து கறுத்த சுவர், வாசலில் ஒரு குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர்தானே? ராத்திரி இன்னொருத்தர் வந்தாங்க, போனாங்கன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அவள் கணவர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. சாவியை மேசைமேல் தள்ளிவிட்டார்.

"கதவுல பலகை தொங்கும். எத்தனை மணிக்கு எழுப்பணும்னு எழுதி வைங்க. அஞ்சுக்கு முன்னாடி எங்க ஆள் மாடிக்கு வர மாட்டான்."

"ஏன், அவருக்குக் காலு தேஞ்சிடுமோ?" என்றாள் அவள்.

"வர மாட்டான்." அவ்வளவுதான். "மேல வேற யாரும் இல்ல. சத்தம் வந்தா அது நீங்கதான்."

ஒவ்வொரு கதவிலும் சின்னக் கறுப்புப் பலகை ஆணியில் தொங்கியது. அருகில் சணலில் கட்டிய சாக்பீஸ் துண்டு. எல்லாப் பலகைகளும் வெறுமையாக, அப்போதுதான் துடைத்தவை போல இருந்தன. அவள் சாக்பீஸை எடுத்தாள். ஐந்து என்று எழுதினால் போதும். ஆனால் ஐந்து என்று பார்த்தால் அவர் ஐந்தரைக்குத்தான் புரண்டு படுப்பார். டிக்கெட் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது, அவருக்கு ரயில் நேரம் தெரியாது. அவர் கண்ணுக்கு எதிரிலேயே, பெரிதாக, அழுத்தி, 'நாலு மணிக்கு எழுப்பவும்' என்று எழுதினாள்.

"நாலா! அந்த ஆள்தான் அஞ்சுக்கு முன்னாடி வர மாட்டாங்கறானே?"

"நான் எழுதறதை எழுதிட்டேன். வந்தா வரட்டும்."

அறையில் பினாயிலுக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. ஈரத்தில் கிடந்த இரும்பின் வாசனை. மெத்தை நடுவில் குழிந்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் சாலைக்கு அந்தப்பக்கம் பிளாட்பாரமும், அதன் மேல் வட்டமான கடிகாரமும் தெரிந்தன. அவர் தலையணையில் தலை சாய்த்ததும் குறட்டை கிளம்பியது. அவள் அவர் பக்கத்தில் படுத்து, மகளின் நெஞ்சைத் திறக்கப்போகிற, முகம் தெரியாத கைகளை நினைத்துக்கொண்டே கண்களை மூடினாள்.

விழித்தபோது எதனால் விழித்தோம் என்று தெரியவில்லை. வெளியே மழை நின்று, கூரையிலிருந்து மட்டும் எங்கோ ஒரு தகரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் எதுவும் ஓடவில்லை, அறிவிப்புக் குரல் எதுவும் இல்லை, தெருநாய்கூடக் குரைக்கவில்லை, அவருடைய குறட்டை மட்டும் பழகிய மேடு பள்ளங்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஓடுகிற வேகத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஸ்டேஷன் கடிகாரத்தில் நாலு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அப்போதுதான் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

முதலில், நனைந்த சாக்கைத் தரையில் இழுப்பது போல. அது நின்றது. பிறகு, தரையில் அல்ல, உயரத்தில், காய்ந்த தோல் ஒன்று கரும்பலகைமேல் மெதுவாக வட்டம் போடுகிற சத்தம். கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்ப்பது போல நிதானமாக. அது முடிந்ததும் மறுபடி தரையில் இழுபடும் சத்தம். மறுபடி உயரத்தில் தடவல்.

முதல் கதவு. அடுத்த கதவு.

வேலைக்காரன் துடைக்கிறான் என்று சொல்லிக்கொண்டாள். பலகைகளைத்தான் துடைக்கிறான். ஆனால் அவை ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தன. அதோடு, இழுபடுவது தரையில். அப்படியிருக்க, அந்தக் கை எப்படி அவ்வளவு உயரத்தில்?

வெறும் பலகைகள். ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நகர்கிறது.

எழுதியிருந்தது ஒரு பலகையில்தான்.

அழிக்க வேண்டும். பலகை கதவுக்கு வெளியே. அவள் தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் பிடித்துச் சத்தம் வராமல் நகர்த்தினாள். கை நுழைகிற அளவுக்குக் கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தின் இருட்டு முகத்தில் ஈரமாகப் பட்டது. இரும்பு வாசனை. பார்க்கவில்லை. கையை மட்டும் வெளியே விட்டு, துழாவி, பலகையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். ஒரு முறை. இன்னொரு முறை. அருகில் எங்கோ அந்த இழுபடும் சத்தம் நின்றுபோனது.

கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க. எழுந்திருங்க. என்னங்க!" குறட்டை அசையவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தத் தூக்கத்தை அவளுக்குத் தெரியும். வாளித் தண்ணீரை ஊற்றினாலும் கலையாது.

அவர்களுடைய பலகையில் தடவல் தொடங்கியது. நீண்ட நேரம். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. நின்றது.

அவளுக்கு மூச்சு வந்தது. ஒன்றுமில்லை. அங்கே ஒன்றுமில்லை. போய்விடு.

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மணிக்கட்டு தெரிந்தது. அதைச் சுற்றி, அவளுடைய ஐந்து விரல்களின் தடமும், வெள்ளையாக.

தன் உள்ளங்கையைத் திருப்பினாள். சாக்பீஸ் தூள்.

கதவின் அடியில், முழங்காலுக்கும் கீழே, மூன்று முறை தட்டல்.

குறட்டை நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

தட்டியதுமே. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இல்லாதபடி.

"வர்றேன்" என்றார், தெரிந்தவரிடம் சொல்வது போல.

"வேண்டாங்க. இன்னும் நேரம் ஆகல. அது நான் சும்மா எழுதினது. ரயில் அஞ்சரைக்குத்தான்."

இருட்டில் அவர் சிரித்தது கேட்டது. தூக்கக் கலக்கத்தில், வாஞ்சையாக. "இன்னிக்காவது நேரத்துக்குப் போறேன். விடு, அலாரம்."

அவள் விடவில்லை. சட்டையைப் பிடித்தாள். பட்டன் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அவர் எதையும் உணராதவர் போல நடந்தார். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

அவர் நேரே பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு மெதுவாகத் தலை குனிந்து, கீழே பார்த்தார்.

சின்னக் குழந்தை சொல்வதைக் கேட்கக் குனிவது போல முதுகை வளைத்தார். முழங்காலில் உட்கார்ந்தார். இன்னும் தாழ்ந்தார். கன்னம் தரையில் படுகிற அளவுக்கு. பிறகு அந்த உயரத்திலேயே, வெளியே போனார்.

இழுபடும் சத்தம். இப்போது இரண்டு.

கதவைச் சாத்தியது அவள்தான். தாழ்ப்பாளைப் போட்டதும் அவள்தான். நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதன்மேல் இருவருடைய பெட்டிகளையும் தூக்கி வைத்தாள்.

சிறிது நேரம் கழித்துத் தட்டல் திரும்பி வந்தது. கீழே. மூன்று முறை.

"அலாரம்." அவருடைய குரல்தான். தரையோடு தரையாக, கதவிடுக்கு வழியே. "எழுந்துட்டேன் பாத்தியா? நீதான் இப்ப லேட்டு. வா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில் சாக்பீஸின் ருசி.

நெஞ்சுயரத்தில் தட்டல் கேட்டபோது விடியத் தொடங்கியிருந்தது. "அஞ்சு ஆச்சு" என்றது ஒரு முரட்டுக் குரல். அவள் திறந்தாள். நின்றவன் அவளைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், பிறகு கதவின் அடியைக் குனிந்து பார்த்தான். முகம் வெளிறியது. ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

மேனேஜர் கத்தினார். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் நான் பொறுப்பா? வாசக்கதவை இப்பதான் திறந்தேன். பூட்டு நான் போட்ட மாதிரியே இருந்துச்சு." போலீஸ்காரர்களும் அதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டார்கள். அவருடைய செருப்பு கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்தது. ஐந்தரை ரயில் கூவிக்கொண்டு போனதை அவள் ஸ்டேஷன் எதிரில் நின்றே கேட்டாள்.

மகள் பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் அவள் கேட்டது இதைத்தான்: "அப்பா எங்க? இன்னிக்கும் லேட்டா?"

அதன் பிறகு வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் அவள் நிறுத்திவிட்டாள். பயனில்லை. எப்போது நாலு என்பது அவளுக்கு இப்போது கடிகாரம் இல்லாமலே தெரியும்.

முதல் வருஷம் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் வாசற்கதவின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாய் வளர்க்கிறீங்களா?" என்றார். இல்லை என்றாள். "அப்ப வேற யாரோ தினம் வர்றாங்க போல" என்று சிரித்தார். அடுத்த வருஷம் அவரே வந்து, "இது மறுபடி தேஞ்சுபோச்சே" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை, மரம் மெலிந்துவிட்டது, கதவையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றவில்லை. புதுக் கதவை மாட்டுவதென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். அவ்வளவு நேரம் வாசல் திறந்து கிடக்கும்.

போன வாரம் மரத்தில் சின்ன ஓட்டை விழுந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் அதன் வழியே நுழைந்து, கூடத்துத் தரையில் ஒரு பொட்டு போல விழுகிறது. இரவெல்லாம் அவள் சுவரோரம் உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது தரையில் இருக்கிறவரை வெளியே யாரும் இல்லை.

நேற்று, தட்டல் கேட்கவில்லை.

பொட்டு மறைந்தது.

கதவின் அடியில், அந்த ஓட்டையில், தெருவிளக்கு இருந்த இடத்தில், ஈரமாக ஒன்று மினுங்கியது. அது அறை முழுக்கத் தேடியது. நிறுத்திய கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. சுவரோரம், அவள்மேல் வந்து நின்றது.

பிறகு, இமைத்தது.