பதினோரு லட்சம் ரெஜினா

மாலை ஏழு மணிக்கு ரெஜினா ஒரே முறைதான் வணக்கம் சொன்னாள். பதினோரு லட்சம் வீடுகளில் பதினோரு லட்சம் ரெஜினாக்கள் கைகூப்பினார்கள்.

மனைமுகி வந்தபிறகு செய்தி வாசிப்பு இப்படித்தான். நிலையத்தில் அவள் வாசிப்பதை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வீடு அவள் முகத்தையும் குரலையும் தனித்தனியே நெய்து அனுப்பும் அந்த இயந்திரம். காது மந்தமானவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசும். குறுக்கே கேட்டால் பதில் சொல்லும். பார்ப்பவர் நேற்றுச் சொன்னதை இன்று மறக்காது. அந்தப் பேச்சு அந்த வீட்டோடு சரி. ரெஜினாவால்கூட அதைக் கேட்க முடியாது, சட்டம் அப்படி.

இன்று புயல். பத்து மணிக்குக் கரையைத் தொடும். மனைமுகி இல்லாத காலத்துப் புயலில், எச்சரிக்கை ஓடும்போதே சனங்கள் நெடுந்தொடருக்கு மாற்றிவிட்டார்கள். முப்பத்தாறு உயிர் போனது. இன்றோ கடலோர ஊர்கள் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்து, செய்தி ஆசிரியர் ஞானதுரை குதிக்காத குறைதான்.

"ஒன்றரை மணி நேரத்துல நாப்பது ஊரைக் கெளப்பிட்டியேம்மா!"

"நான் எங்க சார்? அதுதான் கெளப்புச்சு."

சொன்னாளே தவிர, பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் வரைபடத்தில் முத்துக்குடா கண்ணில் பட்டது. அவள் பிறந்த ஊர். நாலைந்து வீடுகள் இன்னும் காலியாகாமல் சிவப்பாகவே இருந்தன. தம்பி சகாயம் படகை விட்டு அசையாத பிடிவாதக்காரன். மனைமுகியின் முதல் நாள் ஒளிபரப்பும் அப்பாவின் அடக்கமும் ஒரே நாளில் வந்தபோது, அவள் வாசிக்கத்தான் போனாள். இரண்டு வருடமாக அவனோடு பேச்சில்லை.

போன் அடித்தாள். எடுத்துவிட்டான்.

"சகாயம், கெளம்புடா!"

"கெளம்பி ஒரு மணி நேரமாச்சுக்கா. புள்ளைங்களோட பள்ளிக்கூட முகாம்ல இருக்கேன். நீதானே சொன்ன?"

"நானா?"

"டிவில. தெனமும் உன்னத் திட்டித் தீர்ப்பேன், நீயும் கேட்டுக்கிட்டே இருப்ப. இன்னிக்கு வாசிக்கிறத நிறுத்திட்டு அழுதுட்ட. 'அப்பா அடக்கத்துக்கு வராதது தப்புடா, உன்னையும் பறிகொடுக்க முடியாது'ன்ன. அதுக்கப்புறம் என்ன வீம்பு? மிஷினுன்னு தெரியும்கா. ஆனா உன் மனசுல இல்லாததையா அது சொல்லிடும்?"

அவளுக்கு உயிர் திரும்பியது. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தைகள் அவை. அந்த இயந்திரத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போதாவது தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

"ஆமாண்டா. அன்னிக்கு வராதது என் தப்புதான். என்னை மன்னிச்சிடு."

பதினைந்து வருட வாசிப்புப் பழக்கம் விடவில்லை. உச்சரிப்பு சுத்தமாக, ஏற்ற இறக்கம் அளவாக, செய்தி போலவே வந்தது.

"அக்கா, நெசமாவே நீதானா? ஏதோ மிஷின் பேசுற மாதிரி இருக்கே. சரி, வையி. நாளைக்கு ஏழு மணிக்கு டிவில பேசிக்குவோம்."